மேம்பாலத்துக் கரி

அக்டோபர் 6

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. கடையில் இட்லி வாங்கிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. நான் கேட்காமல் கரண்ட் அடுப்பில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. அரைவேக்காட்டில் இறக்கி வைத்துவிட்டு, சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களை அள்ளிக்கொண்டு ஸ்கூட்டரில் மேம்பாலத்துக்கு ஓடினேன். நான் பாடம் எடுக்கும் கல்லூரிக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லக்கூட இல்லை.

நீண்ட நாளைக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் மேம்பாலத்துக் குழாயிலிருந்து இறங்குவது தண்ணீரே இல்லை, கறுப்புக் குழம்பு. டயர் தேய்ந்த பொடி, பிரேக் தூசி, எண்ணெய். பக்கத்துத் தெருவில் பழைய பேட்டரிகளைப் பிரித்துக் கட்டும் கடைகள் இருக்கின்றன. அந்தத் தெருவைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீரும் இங்கேதான் சேர்கிறது. துத்தநாகம், செம்பு, எல்லாவற்றுக்கும் மேல் ஈயம். முன்பு இது அப்படியே குளத்துக்குப் போனது. போன வருடத்திலிருந்து நடுவில் எங்கள் கல்லூரி கட்டிய வடிகட்டி இருக்கிறது. தரைக்குள் இறக்கிய சிமென்ட் தொட்டி. அதில் ஜல்லி, மணல், கொட்டாங்குச்சிக் கரி, லேத் பட்டறையில் சீவி விழும் இரும்புச் சுருள். உலோகம் கரியிலும் துருவிலும் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மட்டும் வெளியே போகும்.

பாலத்துத் தூண்களுக்கு நடுவே நர்சரி வைத்திருக்கும் மயிலாத்தாக்கா குடையோடு ஓடி வந்தார்.

"ஏனுங் மேடம், இத்தன மழைல நனைஞ்சுட்டு நிக்கறீங்க? உள்ள வாங்க, டீ வெச்சிருக்கறேன்."

வெளியே வந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டினேன்.

"அட, குடிக்கலாமாட்ட இருக்குதுங்."

"ஐயோ அக்கா, குடிச்சிராதீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல நாள்.

அக்டோபர் 13

வடிகட்டி அடைத்துக்கொண்டுவிட்டது. தண்ணீர் இறங்காமல் மேலே தேங்கி நிற்கிறது. ஒரு வருடம் உழைத்த கரி, மாற்றியாக வேண்டும். துறைத் தலைவர் ராஜமாணிக்கம் சார் போனில் கூப்பிட்டார்.

"நாளைக்கு மாநகராட்சிலேர்ந்து பார்க்க வர்றாங்க சுபத்ரா. பத்து பாலத்துக்குக் கீழ நம்ம வடிகட்டி போடறதா பேச்சு. தொட்டி நிரம்பி வழிஞ்சா மானம் போயிரும். இன்னிக்கே கரிய மாத்திருங்க."

"பழசை என்ன சார் பண்றது? ஆபத்தான கழிவு எடுக்கற கம்பெனிக்குத்தான் அனுப்பணும். அதுக்கு இன்னும் கையெழுத்தே ஆகலை."

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நாளைக்கு ஒரு மூட்டைகூட அங்க கண்ணுல படக்கூடாது."

கூலியாட்கள் தோண்டி எடுத்த கரியும் மணலும் மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கிடந்தன. மயிலாத்தாக்கா ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"கரி நல்லாத்தான இருக்குது. இத என்னங்க பண்ணுவீங்க?"

"தூக்கிப் போடணும்க்கா."

"தூக்கிப் போடறத எனக்குக் குடுத்தீங்கன்னா மண்ணோட கலந்துக்குவேன். செடித் தொட்டில மண்ணு இறுகாம இருக்கும்."

எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். அந்த நேரம் போன் வந்தது. பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பி வந்தபோது கூலியாட்கள் மூட்டைகளை நர்சரிக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை.

சாலையோரம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

அக்டோபர் 14

வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். போட்டோ எடுத்தார்கள். நான் நடுவில் நிற்கிறேன்.

அக்டோபர் 24

அம்மாவை முழங்கால் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எடையைக் குறைக்கச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அந்த டாக்டரின் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் மேம்பாலத்துக்குப் போய் மாதிரி எடுத்தேன். இதுவரை ராஜமாணிக்கம் சார் விரும்புவதுபோல அறிக்கைக்கு அழகான எண்கள். உள்ளே வரும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே போவதில்லை. கிளம்பும்போது மயிலாத்தாக்கா ஒரு கட்டு சிறுகீரை கொடுத்தார். பூச்செடிகளுக்குப் பின்னால் இரண்டு பாத்தியில் முன்பே கீரை விதைத்திருந்தாராம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள்.

"உங்க கரி போட்டதுங்க மேடம். எப்பிடி தளதளன்னு வந்திருக்குது பாருங்க."

வீட்டில் கீரையைக் குப்பைக் கூடையில் போட்டேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"நல்ல கீரைய எதுக்குடி குப்பைல போட்டே?"

"பூச்சி இருந்துச்சும்மா."

அக்டோபர் 26

நர்சரி மண்ணில் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிடலாம் என்று நினைத்தேன். இந்த வாரம் கல்லூரியில் ஈயம் அளக்கும் கருவி பழுது.

அக்டோபர் 27

கருவி பழுதில்லை. மாணவர்கள் நாள் முழுக்க அதில்தான் வேலை செய்தார்கள். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம்.

நவம்பர் 5

மயிலாத்தாக்காவின் மகள் நதியாவை இன்றுதான் பார்த்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். மசக்கை அதிகமாக இருக்கிறது என்று பிரசவம்வரை அம்மா வீட்டிலேயே இருக்க வந்துவிட்டாள். ஐந்தாம் மாதம். மெலிந்த பெண். கேட்ட கேள்விக்கெல்லாம் சிரிப்பையே பதிலாகத் தருகிறாள். செடிகளுக்குப் பை நிரப்ப உதவிக்கொண்டிருந்தாள்.

"சோறு கண்டாலே ஓடறாளுங்க. எதத் தின்னு உசுரோட இருக்கறாளோ" என்றார் மயிலாத்தாக்கா.

அவள் உதட்டோரம் கறுப்பாக ஏதோ இருந்தது. கண் மையாக இருக்கும். முகத்தைத் துடைக்கும்போது இழுத்திருக்கும்.

நவம்பர் 9

மயிலாத்தாக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தக் கரிய பூச்செடிக்கு மட்டும் வெச்சுக்குங்க. கீரைக்கு வேண்டாம்."

"ஏனுங் மேடம்?"

"ரோட்டுத் தூசி நெறைய இருக்கும்."

"அதெங்க இல்லாம இருக்குதுங்க? பாலத்துக்கடியில குடியிருந்துட்டுத் தூசிக்குப் பயந்தா ஆகுமா?"

சிரித்தார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எச்சரித்தாயிற்று. வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எச்சரித்தாயிற்று, எச்சரித்தாயிற்று என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 16

கோணலாக எழுதுகிறேன்.

மத்தியானம் மேம்பாலத்துக்குப் போனேன். மயிலாத்தாக்கா செடி கொடுக்க எங்கோ போயிருந்தார். நர்சரியின் பின்பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. நதியா போனில் கணவனோடு பேசிக்கொண்டு மூட்டைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை போனைப் பிடித்திருந்தது. இன்னொரு கை மூட்டைக்குள் போய் ஒரு கரித்துண்டை எடுத்தது. முந்தானையில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். கடிக்கும் சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டேன். பயந்துபோய்விட்டாள்.

"துப்பு! துப்பும்மா அதை!"

துப்பினாள். பல்லெல்லாம் கறுப்பு. கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"அம்மாகிட்டச் சொல்லீராதீங்க மேடம். வைவாங்க. என்னால அடக்க முடியறதில்ல. மொதல்ல அடுப்புச் சாம்பலத்தான் தின்னுட்டு இருந்தேன். இது நல்லா மொறுமொறுன்னு இருக்குது, மழை பெஞ்ச மண்ணாட்ட வாசமா."

"எப்ப இருந்து?"

"இங்க வந்ததிலிருந்துங்க."

"இனிமே தொடக்கூடாது. அழுக்கு இது. வயித்துக்கு ஆகாது."

அழுக்கு என்றுதான் சொன்னேன். ஈயம் என்கிற வார்த்தை நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 17

சோதித்தேன். கருவியின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. கரைசலை நீர்க்கச் செய்து மறுபடி வைத்தேன். மறுபடியும் தாண்டியது. மூன்றாவது தடவைதான் எண் வந்தது. அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

இந்த எண்ணை யாராவது போன மாதம் காட்டியிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். நாங்கள் கட்டியது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நவம்பர் 18

போகவில்லை. மழை.

நவம்பர் 20

ராஜமாணிக்கம் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"மூட்டைய முதல்ல திருப்பி எடுத்துருங்க. புதுக் கரி வாங்கிக் குடுத்துருங்க. காரணம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொல்லி அந்தப் பொண்ணு பயந்து ஏதாவது ஆச்சுன்னா?"

அந்தப் பெண்ணுக்காகத்தான் மறைக்கிறோம் என்று நினைப்பது எவ்வளவு வசதியாக இருந்தது! சரி சார் என்றேன்.

மினி லாரி பிடித்து மூட்டைகளைக் கல்லூரிக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். பாதிக்கு மேல் ஏற்கெனவே மண்ணோடு கலந்துவிட்டார்கள். புதுக் கரி இறக்கினேன். கீரைப் பாத்திகளை நானே மண்வெட்டியால் கொத்திப் பிடுங்கினேன். புழு வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். மயிலாத்தாக்கா என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க எதுக்குங்க இதெல்லாம் பண்ணிக்கிட்டு? காலேசு டீச்சரு எங்களுக்காக மம்முட்டி புடிக்கறீங்க. உங்க மனசு யாருக்குங்க வரும்?"

ஸ்கூட்டரைச் சாவி போட்டுக் கிளப்ப வெகுநேரம் ஆனது.

நவம்பர் 23

அம்மா நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டில் புலம்பியிருக்கிறாள்.

நதியாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் குறைவாக இருக்கிறாற்போல் தெரிகிறது, என் செலவில் ஒரு பரிசோதனை செய்துவிடலாம் என்று மயிலாத்தாக்காவிடம் சொல்லியிருந்தேன். டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்து ஈயத்துக்கும் பார்க்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பேட்டரிக் கடைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள் என்றேன். அதுவும் பொய் இல்லை. நான் சமீப காலமாகச் சொல்வதில் எதுவுமே முழுப் பொய் இல்லை.

டிசம்பர் 1

முடிவு வந்துவிட்டது. மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ரத்தத்துல ஈயம் இருக்கும்மா. இருக்கக்கூடாத அளவு. உங்க வீட்டுல யாராவது பெயின்ட் வேலை, பேட்டரி வேலை பார்க்கறாங்களா?"

"இல்லீங்களே" என்றார் மயிலாத்தாக்கா. "ஈயம்னா, பாத்திரத்துக்குப் பூசுவாங்களே அதுங்களா?"

"அது வேற. இது விஷம். கொழந்தையோட மூளை வளர்ச்சியை பாதிக்கலாம். எங்கிருந்து வந்துதுன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்த முடியும்."

மயிலாத்தாக்கா மகள் பக்கம் திரும்பினார். "என்னத்தடி தின்னே? கண்டதையும் தின்னியா? வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு என்னடி பண்ணித் தொலைச்சே?" முதுகில் ஓர் அடி. மெதுவான அடிதான். நதியா சுருண்டுகொண்டு அழுதாள். அழும்போதும் என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சுகிற பார்வை. அவள் இன்னும் தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவளை அடிக்காதீங்க. நான் குடுத்த கரி" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வடிகட்டி என்ன பிடிக்கிறது, கரியில் என்ன இருந்தது, மூட்டைகள் எங்கே போயிருக்க வேண்டும், எல்லாம். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார். வந்த வழி அடைபட்டுவிட்டதால் அளவு மெல்ல இறங்கும், குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார்.

வெளியே நடைபாதையில் மயிலாத்தாக்கா என்னை நிறுத்தினார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"மூட்டைய நாங்க எடுத்தன்னிக்கே உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியும்."

"கீரைக்குப் போடாதீங்கன்னு சொன்னீங்களே, அன்னிக்கும் தெரியும்?"

"தெரியும்க்கா."

மகளின் முந்தானையை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் ஒரு கட்டுக் கீரை குடுத்தேனே. அத நீங்க தின்னீங்களா?"

"இல்லை."

தலையை ஆட்டிக்கொண்டார். மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் பின்னாலேயே போனேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 2

அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்குக் கீரையில் பூச்சி இல்லை என்று எனக்கும் தெரியும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டிசம்பர் 12

மாநகராட்சிக் கூட்டம். ராஜமாணிக்கம் சார் படங்களைப் போட்டு விளக்கினார். கறுப்புத் தண்ணீர் ஒரு பக்கம், தெளிந்த தண்ணீர் ஒரு பக்கம். எல்லோரும் ரசித்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் பொறியாளர் கையைத் தூக்கினார்.

"தண்ணிலேர்ந்து பிரிச்சாச்சு, சரி. பிரிச்ச ஈயம் இப்ப எங்க சார் இருக்கு?"

"அதெல்லாம் முறைப்படி..." என்று சார் ஆரம்பித்தார். நான் எழுந்தேன்.

"கொஞ்சம் கல்லூரிக் கிடங்குல இருக்கு. மீதி பாலத்துக்குக் கீழ ஒரு நர்சரி மண்ணுல. கீரை வாங்கித் தின்னவங்க வயித்துல. ஒரு கர்ப்பிணிப் பொண்ணோட ரத்தத்துல. அங்க போனதுக்குக் காரணம் நான்."

நதியாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பழைய கரிக்கு வழி செய்யாமல் பத்து இடத்தில் இதைக் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ராஜமாணிக்கம் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. பாவம், மேசைமேல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாக எதிர்பார்த்தேன்.

டிசம்பர் 19

கல்லூரியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை வகுப்பு எடுக்க வேண்டாம். அது பரவாயில்லை.

இன்று நர்சரியைக் காலி செய்தார்கள். உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு அணிந்த ஆட்கள் வந்து செடி, பை, மண் எல்லாவற்றையும் வாரி மூடிய லாரியில் ஏற்றினார்கள். செய்ய வேண்டிய முறை அதுதான். அக்டோபரில் நான் செய்திருக்க வேண்டியதும் அதுதான். கீரை வாங்கிய கடைக்காரர்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டிருக்கிறார்கள். மயிலாத்தாக்கா எதிர்ச்சாரியில் ஓர் அரளிச்செடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதையும் ஓர் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் பிழைப்பை நான் இரண்டு தடவை கெடுத்திருக்கிறேன். முதலில் வாய் திறக்காமல், பிறகு வாய் திறந்து.

ஜனவரி 8

பழைய கரியை ஆபத்தான கழிவாகக் கையாளும் விதிகளைப் புதிதாக எழுதித் தரச் சொல்லி மாநகராட்சியிலிருந்து அந்த இளம் பொறியாளர் கேட்டார். எழுதுகிறேன். வேறு வேலை இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் பட்டை வாங்கினேன். அளவு சரியில்லை, மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 2

நதியாவின் ரத்தத்தில் அளவு பாதியாகக் குறைந்திருக்கிறதாம். டாக்டர் போனில் சொன்னார். பரிசோதனைச் செலவை நான் நேராக ஆஸ்பத்திரியில் கட்டுகிறேன். மயிலாத்தாக்கா அதை மறுக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

மார்ச் 11

பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். முகாமுக்கு வந்த டீக்கடைக்காரர் சொன்னார்.

மார்ச் 17

காலையில் போன். மயிலாத்தாக்காவின் எண்ணைப் பார்த்ததும் துணி காயப்போட்ட கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"கொழந்தையோட ரத்த ரிப்போர்ட்டு வந்திருக்குதுங்க. டாக்டரம்மா லீவு. நர்சு சொல்றது ஒண்ணும் வெளங்கல. படிக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். அதுக்குத்தான் கூப்புடறேன். வேற எதுக்குமில்ல."

போனேன். பேட்டரித் தெருவுக்கு நெடுந்தூரம் தள்ளி வேறு வீட்டுக்கு மாறியிருக்கிறார்கள். நதியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். மயிலாத்தாக்கா பழைய மார்க்கெட்டில் பூக் கட்டப் போகிறாராம். விரல்களில் நார் அறுத்த கோடுகள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் போக எனக்குத் துணிவு வரவில்லை.

காகிதத்தை வாங்கிப் படித்தேன். இந்தத் தடவை அவர்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன்.

"பயந்த அளவுக்கு இல்லை. ஆனா இருக்கு. இவ்ளோ இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ற அளவு ஈயத்துல கிடையாது. தாய்ப்பால் குடுக்கலாமான்னு வேற டாக்டர்கிட்ட இன்னிக்கே கேட்டுச் சொல்றேன். ஆறு மாசத்துல மறுபடி பார்க்கணும். அப்புறம் ஒரு வயசுல. நடக்கறது, பேசறது எல்லாம் தள்ளிப்போகுதான்னு கவனிச்சுக்கிட்டே இருக்கணும். பள்ளிக்கூடம் போறவரைக்கும்."

நதியா குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயிலாத்தாக்கா காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, மடித்து, தலையணைக்கடியில் வைத்தார்.

"அப்ப ஆறு மாசத்துக்கு வாங்க. ஒரு வயசுக்கும் வாங்க. பள்ளிக்கூடம் போறவரைக்கும் ரிப்போர்ட்டு வந்தா வந்து படிச்சுச் சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்காம சொல்லுங்க."

"கண்டிப்பா வர்றேன்க்கா."

"வாங்க. ஆனா அக்கான்னு மட்டும் கூப்புடாதீங்க."

சரிங்க என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது உள்ளே குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. நல்ல சத்தமாகத்தான் அழுதது. தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.